வேளைக்காரப் படையும் என் பேரனும்

ஆவடியில் காலை நடைக்குப் போனால் சீருடைக்காரர்களைப் பார்க்காமல் வீடு திரும்ப முடியாது. சி.ஆர்.பி.எஃப்., விமானப்படை, டாங்க் ஃபேக்டரி எல்லாம் இங்கேதான். அதனாலோ என்னவோ, என் பேரனுக்குப் படைக் கதைகள் என்றால் உயிர். அதிலும் சோழர்களின் வேளைக்காரப் படை.

(வேலைக்காரர் இல்லை, 'ளை'!) ராஜாவுக்கு ஆபத்து என்ற வேளையில் உயிரையே கொடுப்பதாகச் சபதம் செய்தவர்கள். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் இவர்கள் இருக்கிறார்கள். "விசுவாசம்னா அதுதாண்டா" என்று கதையை முடிப்பேன்.

போன வருடம் மனைவியோடு இலங்கை போய் வந்த பிறகு அப்படி முடிக்க முடியவில்லை.

1070-ல் முதலாம் விஜயபாகு சோழர்களைப் பொலன்னறுவையை விட்டு விரட்டினான். அப்புறமும் தமிழ் வேளைக்காரர்கள் அவனிடமே கூலிப்படையாக இருந்தார்கள். 1085 வாக்கில் சோழர்கள் மேல் படையெடுக்க அவன் கட்டளையிட்டபோது மறுத்தார்கள். சொந்த ஜனங்களோடு சண்டை போட மாட்டோம் என்று நின்றிருந்தால் நானே கை தட்டியிருப்பேன். ஆனால் தளபதிகள் இருவரைக் கொன்று, ராஜாவின் தங்கையையும் அவள் பிள்ளைகள் மூவரையும் பிடித்துக்கொண்டு, அரண்மனைக்குத் தீ வைத்தார்கள் என்கிறது சூளவம்சம். தப்பியோடிய ராஜா படையோடு திரும்பி வந்து, கலகத் தலைவர்களைக் கட்டி உயிரோடு எரித்தான்.

அதோடு ஒழிந்தார்களா? இல்லை. அவன் இறந்த பிறகு, புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காக்கச் சொல்லி பிக்குகள் அழைத்தது இவர்களைத்தான்! அந்த நாட்டில் பல் யாரிடமோ, சிங்காசனமும் அவரிடம் என்று பேர். 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று கோயிலுக்குத் தங்கள் பெயரையே வைத்து, நாங்கள் அழிந்தாலும் இதைக் காப்போம் என்று தமிழில் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல் இன்றும் அங்கே அடதாகே பக்கத்தில் நிற்கிறது. மத்தியான வெயிலில் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். நாலைந்து எழுத்துதான் பிடிபட்டது.

ரோமில் இதே மாதிரி மெய்க்காவல் படை 193-ல் சிங்காசனத்தையே ஏலம் விட்டது. துருக்கியின் ஜானிசரிகள் சுல்தான்களையே இறக்கி ஏற்றினார்கள். 1826-ல் சுல்தான் பீரங்கி வைத்துத்தான் அவர்களை ஒழிக்க முடிந்தது. நம்மவர்களுக்கும் அந்த ருசி தெரிந்திருக்கிறது.

ஊருக்கு வந்ததும் பேரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ நீங்க முன்னாடி சொன்னது பொய்யா தாத்தா?" என்றான்.

"பாதிடா" என்றேன். அதற்குள் டியூஷனுக்கு நேரமாச்சு என்று மருமகள் கூப்பிட்டுவிட்டாள்.