தலைமுடி அளவு கம்பி

எனக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் மின் கிற்றாரின் குரல் எங்கே உருவாகிறது என்று கேட்டால் என்னால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல முடியும். காரணம் வாப்பாவின் தொழில். அவர் மோட்டர் சுற்றுபவர். எரிந்துபோன தண்ணீர்ப் பம்பிகளும் மின்விசிறிகளும் அவருடைய மேசைக்கு வரும். இப்போது வரத்துக் குறைவு. பழையதைச் சுற்றுவதை விடப் புதியது வாங்குவது லாபம் என்று சனங்கள் எறிந்துவிடுகிறார்கள்.

சென்ற டிசம்பர் விடுமுறையில், கல்யாண வீடுகளில் வாசிக்கும் ஓர் இளைஞர் தன் கிற்றாரோடு கடைக்கு வந்தார். தந்திகளுக்குக் கீழே மூன்று பிக்கப்கள் இருந்தன. தந்திகள் கட்டப்பட்டிருக்கும் முனைக்குக் கிட்ட உள்ளது ஊமையாகிவிட்டது. வாப்பா மீற்றரை வைத்தார். மற்ற இரண்டும் ஏறத்தாழ 6 கிலோ ஓம் காட்டின. இதில் கம்பி அறுந்திருந்தது.

“சுத்தித் தாங்க நானா. கொஞ்சம் சத்தம் கூட வந்தாலும் நல்லம்” என்றார் அவர்.

அந்தக் கம்பியின் தடிப்பு 0.063 மில்லிமீற்றர். ஒரு தலைமுடி அளவுதான். “எனக்குக் கண் வெளங்குதில்ல மகள், நீ சுத்து” என்றார் வாப்பா. அதுவரை சுருளுக்கு நூல் கட்டுவதும் வார்னிஷ் பூசுவதும் மட்டுமே என் வேலை.

பிக்கப் என்பது நாங்கள் படிக்கும் பரடேயின் விதிதான். காந்தத்துக்கு மேலே உருக்குத் தந்தி அதிரும்போது சுருளினூடான காந்தப்பாயம் மாறுகிறது. சுருளில் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. நைலோன் தந்தி பூட்டினால் அது பிறக்காது. சுற்றுகளைக் கூட்டினால் மின்னழுத்தம் கூடும் என்பதோடு எங்கள் குறிப்புக் கொப்பி நின்றுவிடும். அப்படியென்றால் இடமிருக்கும் வரை சுற்றினால் என்ன?

சுற்றுகள் கூடும்போது சுருளின் தூண்டலும் ஏறுகிறது. ஏறத்தாழ சுற்றெண்ணிக்கையின் வர்க்கத்தோடு. அந்தத் தூண்டலும் கிற்றாரிலிருந்து போகும் கேபிளின் கொள்ளளவமும் சேர்ந்து ஒரு மீடிறனில் பரிவுறுகின்றன. அதற்கு மேலுள்ள கூர்மையான ஒலிகள் தேய்ந்துபோகும். சுற்றுக் கூடக்கூட அந்த எல்லை கீழே இறங்கும். சத்தம் பெரிதாகும், ஆனால் போர்வைக்குள் இருந்து பேசுவது போல மந்தமாகும்.

வாப்பாவின் வழக்கம் பழைய எண்ணிக்கையையே திரும்பச் சுற்றுவது. மோட்டருக்கு அதுதான் சரி. ஆனால் அந்த இளைஞர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கட்டப்பட்ட முனைக்குக் கிட்டத் தந்தி குறைவாகவே அசையும். அங்குள்ள பிக்கப்புக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றுவது உற்பத்தியாளர்களும் செய்வதுதான். 8,000 என்றால் மற்றவற்றோடு சமம். 10,000 என்றால் கூர்மை போய்விடும். நான் 8,500 என்று முடிவெடுத்தேன். வாப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

காந்தத்தை மாற்றவும் எனக்கு ஆசை இருந்தது. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒவ்வொரு தந்திக்குக் கீழும் ஓர் அல்னிக்கோ காந்தத் தண்டு இருந்தது. அலுமினியம், நிக்கல், கோபாற்று மூன்றையும் இரும்போடு சேர்த்த உலோகம் அது. அல்னிக்கோ 5 வலிமையானது, ஒலி தெளிவாகத் தெறிக்கும். அல்னிக்கோ 2 மென்மையானது. வலிமை கூடிய காந்தத்தைத் தந்திக்கு மிகக் கிட்ட வைத்தால் அது தந்தியையே இழுத்துச் சுருதியைக் குலைக்கும். எங்களிடம் வந்த மலிவான கிற்றாரில் உருக்கு ஆணிகளும் அடியில் ஒரு பெரைற்றுக் காந்தமும்தான். மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் அது மற்ற இரண்டோடும் ஒட்டாது. செலவும் வீண். விட்டுவிட்டேன்.

கம்பியைக் கொழும்பிலிருந்து எடுப்பித்த அந்த வாரத்தில்தான் அபிகேல் இபாராவைப் பற்றி வாசித்தேன். 1956இல் கலிபோர்னியாவில் ஃபெண்டர் தொழிற்சாலையில் சேர்ந்து, 2013 வரை பிக்கப் சுற்றிய பெண். இயந்திரம் சுருளைச் சுழற்றும். கம்பியை வழிநடத்துவது அவருடைய விரல்கள். உலகப் புகழ்பெற்ற கிற்றார்க்காரர்கள் அவர் கையால் சுற்றியதைக் கேட்டு வாங்கினார்கள். உம்மாவிடம் இதைச் சொன்னேன். “அவ்வளவு காலமுமா?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மாலைகள் பிடித்தன. இறுக்கிப் பிடித்தால் கம்பி அறும். தளர விட்டால் சுற்றுகள் அசைந்து ஒலிபெருக்கியில் கீச்சிடும். வாப்பா பக்கத்தில் இருந்து கம்பியின் இழுவையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குக் கண் வேண்டியதில்லை. சுற்றும் திசையையும் அவர்தான் முதலில் குறித்து வைத்தார். திசை மாறினால், இரண்டு பிக்கப்களை ஒன்றாகப் போடும்போது ஒன்றின் ஒலியை மற்றது தின்றுவிடும். சுற்றி முடித்து, உருகிய மெழுகில் தோய்த்து எடுத்தோம்.

மீற்றர் 6.4 கிலோ ஓம் காட்டியது. இளைஞர் கடையிலேயே வாசித்துப் பார்த்தார். சத்தம் ஏறியிருந்தது, கூர்மை போகவில்லை. மெல்லிய இரைச்சல் ஒன்று கூடவே வந்தது. அது எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல். ஒற்றைச் சுருள் அதையும் பிடித்துக்கொள்ளும். அதைப் போக்கத்தான் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சுருள்களை இணைத்து 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதை அவருக்குச் சொன்னதும், “அப்போ அதையும் ஒருநாள் சுத்திப் பார்ப்பமா தங்கச்சி?” என்றார்.

பரீட்சை முடியட்டும் என்று வாப்பா என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னார்.