நாம என்ன எலியா?

கோலாலம்பூர் செந்தூல் பாசார் பக்கம் ஒட்டுக்கடையில மாமா ஒருத்தர் பொரிஞ்சு தள்ளிட்டிருந்தார்.
"கிளினிக்ல ஏதோ ஆய்வாம். ரத்தம் எடுப்பாங்களாம். ஒரு கட்டு பாரம் நீட்டுறாங்க. நாம என்ன எலியா?"

நானும் தலையாட்டினேன்.
கையில சீனி கம்மி தே தாரே. தட்டுல குலாப் ஜாமூன்.

2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டுப் பேருக்கு இனிப்புநீர் இருந்துச்சு. இனவாரியா பாத்தா நம்ம இந்தியர்கள்தான் முதலிடம்.
(இதுலயாவது!)

ஆனா மாமா பயத்தையும் சிரிச்சுத் தள்ள முடியல.
1905-ல இதே கோலாலம்பூர்ல, மனநலக் காப்பகத்துல, ஃப்ளெட்சர்ங்கிற டாக்டர் பெரிபெரி நோய்க்குக் காரணம் தேடினார். நோயாளிகளை ரெண்டு பிரிவாக்கி ஒரு பக்கம் தீட்டின சயாம் அரிசி, மறு பக்கம் நம்ம புழுங்கலரிசி.
புழுங்கல் பக்கம் தப்பிச்சது. சயாம் அரிசி பக்கம் பலர் செத்தாங்க.
நோயாளிகள்கிட்ட சம்மதம் கேக்குறது அப்ப பொதுவான வழக்கமில்ல.

இப்ப கேக்குறாங்க. பாரம் அதுக்குத்தான்.
மாமா நல்லாவே மலாய் பேசுவார். ஆனா அந்தப் பாரத்துல இருக்கிறது கோர்ட்டு மலாய். பக்கத்துல உக்காந்து, "ஐயா, பாதியில வேணாம்னு தோணினா விலகிக்கலாம், உங்க வைத்தியம் நிக்காது"ன்னு தமிழ்ல சொல்ல ஆளில்ல. ஒரு நாள் லீவு போட்டா சம்பளம் யார் தருவா, அதுவும் தெரியாது.

ஆனாலும் நாம ஆய்வுல சேராம, நம்ம உடம்புக்கு எந்த மருந்து எவ்வளவு ஒத்துக்கும்னு எப்படித் தெரியும்?

உங்க வீட்டுல யாராச்சும் இப்படி ஆய்வுல சேந்திருக்காங்களா? யார் வந்து சொன்னப்ப நம்பினாங்க?