பையன் மேல் போட்ட பழி

ஹட்டனில் நான் கராஜ் போட்டு இருபது வருஷமாகிறது. ஒரு விஷயத்தை இதுவரை வெளியே சொல்லவில்லை. என் தவறால் ஒரு கியர்பொக்ஸ் எரிந்தது. பழியை என்னிடம் வேலை பழகிய பையன் மேல் போட்டேன்.

வண்டி பழைய டொயோட்டா மார்க் டூ. ஆறு சிலிண்டர், 2.5 லீட்டர், ஓட்டோ கியர். சொந்தக்காரர் நுவரெலியாவில் மரக்கறி வியாபாரி. மகாகஸ்தோட்டையிலும் ரதல்லையிலும் தேயிலைக்கு நடுவே நடக்கும் மலையேற்றப் பந்தயங்களைப் பார்த்தே வளர்ந்தவர். அவருக்குக் கட்டுகுருந்த ஓடுபாதையில் கால் மைல், அதாவது 402 மீட்டர், நேராக ஓட்டிப் பார்க்க ஆசை. 75 குதிரைவலு கூட்டித் தரும் நைட்ரஸ் காஸ் போத்தலைப் பூட்டச் சொன்னார். அதற்குப் பொருத்தமான டொர்க் கன்வேட்டரைத் தெரிவு செய்வதை என்னிடம் விட்டார். "நீங்க சொல்றதுதான் தம்பி, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது" என்றார். எனக்கும் பாதிதான் தெரியும். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

கன்வேட்டருக்குள்ளே எதிரெதிராக இரண்டு விசிறிகள். ஒன்றை என்ஜின் சுற்றும். அது வீசும் ஒயில் மற்றதைச் சுற்ற, கியர்பொக்ஸ் அசையும். இடையில் இருக்கும் மூன்றாவது சக்கரம் திரும்பி வரும் ஒயிலை மடக்கி அனுப்புவதால், வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இழுவை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பிரேக்கில் வண்டியைப் பிடித்து நிறுத்தி அக்சலேட்டரை முழுக்க மிதித்தால் என்ஜின் எந்தச் சுற்றுக்கு மேல் ஏறாமல் நிற்கிறதோ, அதைத்தான் ஸ்டோல் என்கிறோம்.

மலையில் வேலை பழகியவனுக்கு என்ஜின் என்றாலே மூச்சு வாங்கும் பிராணி. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரம். கடற்கரையை விட இங்கே காற்றின் அடர்த்தி 12 சதவீதம் அளவுக்குக் குறைவு. லொறி மேட்டில் திணறினால் ஹாஃப் கிளட்சில் சுற்றை ஏற்றிக் கிளப்புவோம். ஓட்டோ கியருக்கு அந்த ஹாஃப் கிளட்ச்தான் உயர்ந்த ஸ்டோல் என்று எடுத்துக்கொண்டேன். கன்வேட்டர் விற்றவர் வண்டியின் எடை, டயர் உயரம், டிஃப் விகிதம், நைட்ரஸ் எவ்வளவு, எந்த உயரத்தில் ஓடும் என்று வரிசையாகக் கேட்டார். நான் ஒரே பதிலைத்தான் அனுப்பினேன்: "3,400 சுற்று வேணும்."

வந்ததைப் பூட்டி ஹட்டனிலேயே சோதித்தேன். 3,400இல் நின்றது. மனம் நிறைந்துவிட்டது. போத்தலில் காஸ் வீணாகுமே என்று நைட்ரஸைத் திறக்காமல் சோதித்தேன். முழுப் பிழையும் அதில்தான்.

ஸ்டோல் கன்வேட்டருக்கென்று நிலையாக எழுதிவைத்த எண் அல்ல. என்ஜின் எவ்வளவு முறுக்கு கொடுக்கிறதோ அதற்கேற்ப, ஏறத்தாழ அதன் வர்க்கமூலக் கணக்கில், உயரும். நைட்ரஸ் தன் ஒட்சிசனைப் போத்தலிலேயே கொண்டுவருகிறது. மலையின் மெல்லிய காற்று அதைத் தொடுவதில்லை. சுற்று எதுவானாலும் ஒரே அளவில் பாய்வதால் கீழ்ச் சுற்றில்தான் அதன் முறுக்கு அதிகம். அதாவது, நைட்ரஸ் வண்டிக்கு ஸ்டோல் குறைந்த, இறுக்கமான கன்வேட்டர் தேவை. நான் தளர்வானதைப் போட்டேன். போத்தலின் அழுத்தமும் வெப்பத்தோடு ஏறும். 15 பாகையில் சதுர அங்குலத்துக்கு 650 இறாத்தல் அளவில் இருப்பது, 30 பாகையில் 900ஐத் தாண்டும். எங்கள் குளிரில் பார்த்த போத்தல் அல்ல, கட்டுகுருந்த வெயிலில் நின்ற போத்தல்.

அங்கே கடல்மட்டக் காற்றிலேயே ஸ்டோல் 3,600ஐத் தாண்டியிருந்தது. நைட்ரஸைத் திறந்ததும் 4,400க்குப் பாய்ந்தது. என்ஜின் அலறியது, வண்டி அந்த அளவுக்குப் போகவில்லை. மூன்றாவது ஓட்டம் முடிந்து திரும்பியபோது எரிந்த ஒயில் நாற்றம். ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்தால், சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் கறுத்துப் போயிருந்தது.

சொந்தக்காரர் என்ன நடந்தது என்று கேட்டார். "பையன் ஒயில கொறைவா ஊத்திட்டான்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது.

பையன் என்னைப் பார்த்தான். "அண்ணே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் லயத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கிறவர். நானும் லயத்தில் பிறந்தவன்தான். நாள் முழுக்க எடுத்த கொழுந்தை நிறுவையில் குறைத்து எழுதும்போது என் அம்மா வாய் திறக்காமல் கூடையை எடுத்துக்கொண்டு வருவார். அந்த முகத்தை அன்று அவனிடம் பார்த்தேன். பார்த்தும் சும்மா நின்றேன்.

இரவு ஓட்டத்தின் வீடியோவைப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். முடிவுக்கோட்டில் 165 கிலோமீட்டர் வேகம். டயர் அளவையும் 4.1 டிஃப்பையும் வைத்துப் பார்த்தால், நேர் கியரில் என்ஜின் 5,780 சுற்றில் இருக்க வேண்டும். மீட்டர் 6,650 காட்டியது. 13 சதவீதம் வழுக்கல். நல்ல கன்வேட்டர் என்றால் 5, 6 சதவீதத்தில் நின்றிருக்கும். மீதியெல்லாம் ஒயிலில் சூடாக இறங்கியிருக்கிறது. விடிந்ததும் சொந்தக்காரருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கியர்பொக்ஸ் செலவில் பாதியை அவர் பையனின் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னபோதும் நான் மறுக்கவில்லை. இரண்டு மாதம் பிடித்தேன். மூன்றாம் மாதம் அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். ஸ்பேனர் பிடித்தால் நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கை சொல்லும் பிள்ளை அவன்.

பிடித்த பணத்தை இந்த மாதம் அவன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொந்தக்காரரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பையனிடம் நேரில் சொல்ல இன்னும் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓட்டோ கியருக்கு என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஒயில் சூடாக இருக்கும்போது கம்பியை இழுத்துப் பார்ப்பதுதான் முறை. அன்று, முதல் ஓட்டத்துக்கு முன், நானே இழுத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.