மூடுவதா, விடுவதா

செப்டம்பர் 2

பகலில் 26 டிகிரி. தக்காளிச் செடிகள் கம்பிக் கூண்டை மீறி வளர்ந்து நிற்கின்றன, பூசணிக்கொடி பக்கத்து வீட்டு வேலியில் ஏறிவிட்டது. இதைப் பார்த்தால் கோடை முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று யாரும் நம்புவார்கள். ஆனால் கால்கரி கடல் மட்டத்திலிருந்து 1,045 மீட்டர் உயரத்தில், ராக்கி மலைகளின் கிழக்குப் பக்கம், காற்றில் ஈரமே இல்லாத இடத்தில் இருக்கிறது. பகலில் சேர்ந்த சூடு இரவு பத்து மணிக்குள் போய்விடும். முதல் உறைபனி சராசரியாக செப்டம்பர் நடுவில் வரும். சராசரி என்றாலே சில ஆண்டுகளில் அதற்கு வெகு முன்பே வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

இன்றைய வேலையெல்லாம் நிறுத்துகிற வேலை. உரம் வைப்பதை ஆகஸ்டிலேயே விட்டாயிற்று. இந்த நேரத்தில் தழைச்சத்து கொடுத்தால் மரம் புதுத்துளிர் விடும், அந்தத் துளிர் குளிரில் கருகும். தக்காளியின் உச்சியையெல்லாம் கிள்ளினேன், பூக்களையும் பறித்துப் போட்டேன். ஒரு பூ பழமாகிச் சிவக்க ஆறு வாரத்துக்கு மேல் ஆகும், அவ்வளவு நாள் இங்கே இல்லை. பூவைப் பறிக்க மனசு வராதவர்கள் இந்த ஊரில் தக்காளி போடக் கூடாது.

வாசலில் உள்ள எல்ம் மரத்தில் ஒரு காய்ந்த கிளை தொங்குகிறது. அதையும் தொட முடியாது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஆல்பர்ட்டாவில் எல்ம் மரத்தைக் கவாத்து செய்யத் தடை. புதிதாக வெட்டிய மரத்தின் வாசனைக்கு எல்ம் பட்டை வண்டுகள் வரும், டச்சு எல்ம் நோயைச் சுமந்து வருபவை அவைதான்.

செப்டம்பர் 3

கறிவேப்பிலைத் தொட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. இரவு 10 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு ஆகாது. அந்தக் கவலை எனக்கு மட்டும் இல்லை. நகரின் வடகிழக்குப் பகுதியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா மாலையில் போனில் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, கறிவேப்பிலை உள்ளுக்கு வந்திட்டுதோ?” சுகம் விசாரித்தது அதற்குப் பிறகுதான்.

செப்டம்பர் 6

தோட்டத்து மீன்குளத்தில் நீர் காலையில் 13 டிகிரி. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட வெப்பமானியைத் தினமும் பார்க்கிறேன், காற்றின் வெப்பத்தை வைத்துக் குளத்தைக் கணக்கிட முடியாது. மண் போலவே நீரும் மெல்லத்தான் குளிரும்.

தங்கமீன்களுக்கு இனி கோதுமைக் கருத் தீவனம், அதுவும் கொஞ்சமாக. நீர் 10 டிகிரிக்குக் கீழே நிலையாக இறங்கிவிட்டால் அதுவும் கிடையாது. மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று இல்லை. நீர் குளிர்ந்தால் செரிமானமும் நின்றுபோகும், தின்றது குடலிலேயே கிடந்து கெடும். இது மீன்களுக்குத் தெரியாது. நான் கரைக்குப் போனால் வாயைத் திறந்துகொண்டு ஓடி வருகின்றன. பசித்த வாய்க்கு இல்லை என்று சொல்லி வளர்ந்தவன் இல்லை நான். தீவன டப்பாவைக் கண்ணில் படாத அலமாரிக்கு மாற்றினேன்.

செப்டம்பர் 8

பழைய ஆட்கள் இந்தத் தேதியில் வானத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள். 2014 செப்டம்பர் 8 முதல் 10 வரை இங்கே பெய்த பனியை ‘ஸ்னோடெம்பர்’ என்றே அழைக்கிறார்கள். அன்று மரங்கள் முறிந்ததற்குப் பனியின் கனம் மட்டும் காரணமில்லை. மரங்களில் இலை உதிரவில்லை, அதுதான் கேடு. வெறுங்கிளையில் பனி அதிகம் தங்காது, இலையுள்ள கிளையில் ஒவ்வொரு இலையும் ஈரப்பனியை ஏந்திக்கொள்ளும். நகரத்தின் பொது மரங்களில் ஏறத்தாழப் பாதி சேதமடைந்தது. முறிந்த கிளைகளை அள்ளி முடிக்க மாதக்கணக்கில் ஆயிற்று. கிளையில் பனி சேர்ந்தால் தென்னந்துடைப்பம் போல நீளமான ஒன்றால் கீழிருந்து மேலாக மெல்லத் தூக்கிவிட வேண்டும். மேலிருந்து அடித்தால், பனி முறிக்காததை நாம் முறித்துவிடுவோம்.

செப்டம்பர் 11

கனடா வானிலைத் துறையின் உறைபனி எச்சரிக்கை மதியம் வந்தது. முன்னறிவிப்பு 2 டிகிரி என்கிறது. பூஜ்யத்துக்கு மேலேதானே, எதற்குப் பயம் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். அந்த 2 டிகிரி தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, நிழல் கூண்டுக்குள் இருக்கும் வெப்பமானியின் கணக்கு. தக்காளி இலை அந்தக் கூண்டுக்குள் இல்லை. அமைதியான, மேகமில்லாத இரவில் தரையும் இலையும் தம் சூட்டை நேரே வானத்துக்கு வீசிவிடும், சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகவே குளிரும். மேகம் இருந்தால் அது போர்வை, வீசிய சூட்டில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். காற்று வீசினாலும் நல்லது, மேலே உள்ள வெதுவெதுப்பைக் கீழே கலக்கிவிடும். இன்று மேகமும் இல்லை, காற்றும் இல்லை. நட்சத்திரம் பார்க்க அருமையான இரவு என்றால் தோட்டக்காரனுக்கு அது கெட்ட இரவு.

மூன்று மணிக்கே பாத்திகளுக்கு நன்றாகத் தண்ணீர் விட்டேன். காய்ந்த மண்ணைவிட ஈர மண் பகல் வெயிலை அதிகம் சேர்த்துவைத்து இரவில் மெல்ல விடும். மூடுதுணிக்குச் சூடு தருவது செடி அல்ல, மண். அதனால்தான் துணி தரையைத் தொட வேண்டும், ஓரங்களில் கல் வைக்க வேண்டும். தலையில் மட்டும் துணியைப் போட்டு, அடியில் கயிற்றால் குடை மாதிரி இறுக்கிக் கட்டுகிறவர்கள் மண்ணின் சூட்டை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம். அது பட்ட இலை முதலில் கருகும்.

வீட்டில் உள்ள பழைய பெட்ஷீட்டெல்லாம் வெளியே வந்தன, கரை கிழிந்த ஒரு எட்டு முழ வேட்டியும். பக்கத்து வீட்டுப் பெரியவர் டிரம்ஹெல்லர் பக்கம் கோதுமைப் பண்ணையில் வளர்ந்தவர். வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார். ஒவ்வொரு செடியாகக் காட்டி, “இன்னும் இரண்டு வாரம் இருந்தால் இது என்ன தரும்?” என்று கேட்டார். வேறெதுவும் சொல்லவில்லை. அவர் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனதில் வேலை பாதியாகக் குறைந்தது. துளசி இனத்து பேசிலுக்கு உறைபனிகூட வேண்டாம், வெறும் குளிரிலேயே கறுத்துவிடும், அதைப் பறித்து உள்ளே கொண்டுபோனேன். பீன்ஸ் முடிந்த கதை. பூசணியில் முற்றியவற்றைக் காம்போடு அறுத்துக்கொண்டு கொடியை விட்டேன். கேரட், பார்ஸ்னிப், கேல் மூன்றையும் மூடவே தேவையில்லை. குளிர் பட்டால் அவை தம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும், சர்க்கரை கரைந்த சாறு எளிதில் உறையாது. முதல் உறைபனிக்கு முன்னால் பார்ஸ்னிப் தோண்டுவதை இங்கே அறியாமை என்பார்கள்.

மிஞ்சியது தக்காளியும் டாலியாவும். துணி ஒன்றுக்குத்தான் போதும். தக்காளி வென்றது.

படுக்கப் போகுமுன் சரிவின் கீழ்ப்பக்கம் உள்ள வேலிக்கதவைத் திறந்து வைத்தேன். குளிர்காற்று கனமானது, தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கும். இடைவெளி இல்லாத பலகைவேலி அதற்கு அணை. போ நதியை ஒட்டிய பள்ளங்களில் வீடு உள்ளவர்களுக்கு எங்களுக்கு முன்பே உறைபனி வருவதும் இதனால்தான். கதவு திறந்தால் குளிர் தெருவுக்குப் போகும். முயலும் உள்ளே வரும், அது வேறு கணக்கு.

செப்டம்பர் 12

காலை ஆறு மணிக்குத் திண்ணையில் 1 டிகிரி, புல்தரையில் கிடந்த வெப்பமானியில் கழித்தல் 2.

பூசணி இலைகள் வெந்நீர் ஊற்றியது போலக் கரும்பச்சையாகத் தொங்கின, மதியத்துக்குள் கறுத்துவிட்டன. பனிப்படிகம் முதலில் செல்களுக்கு நடுவில்தான் உருவாகிறது, செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி வளர்கிறது. நீர் இழந்த செல்லின் சவ்வு கிழிகிறது. வெயில் வந்து இளகும்போது சாறெல்லாம் வெளியே. கேல் மட்டும் உப்புத் தூவினதுபோல் நின்றிருந்தது, பத்து மணிக்கு எதுவும் நடக்காதது மாதிரி நிமிர்ந்துவிட்டது. டாலியா முழுக்கக் கறுப்பு. தக்காளி பிழைத்தது. துணியை எடுத்துக் கொடியில் காயப் போட்டேன், தெருவில் போனவர்கள் வேட்டியை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

முதல் உறைபனிக்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் நல்ல வெயில் அடிக்கும். ஓர் இரவு மூடிய பலன் அந்த வாரங்களில் கிடைக்கும்.

செப்டம்பர் 19

தக்காளியை மொத்தமாகப் பறித்தேன். இனி இரவுகள் 10 டிகிரியைத் தொடப் போவதில்லை. அந்தக் குளிரில் செடியில் தொங்கினாலும் ருசி ஏறாது, குளிர்ச்சேதம் பட்ட காய் பிறகு உள்ளே வைத்தாலும் அழுகும். முற்றிய காய்க்குப் பழுக்க வெயில் தேவையில்லை, மிதமான சூடு போதும். ஜன்னலோரத்தில் அடுக்கி வைக்கும் பழக்கம் அழகுக்குத்தான். காகிதப் பையில் ஓர் ஆப்பிளோடு போட்டால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு வேலையைச் சீக்கிரம் முடிக்கும். முற்றாத காய்கள் நேரே பச்சைத் தக்காளிச் சட்னிக்கு. அதற்காகவே கொஞ்சம் சீக்கிரம் பறித்தேன் என்று வீட்டில் குற்றச்சாட்டு.

செப்டம்பர் 21

ரீடர் ராக் கார்டனுக்குப் போய்வந்தேன். எர்ல்டன் ரயில் நிலையத்துக்கு எதிரில், யூனியன் கல்லறையை ஒட்டிய சரிவு. 1913 முதல் 1942 வரை கால்கரியின் பூங்காக் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் ரோலண்ட் ரீடர் இந்த மேட்டில்தான் குடியிருந்தார். எந்தச் செடி இந்த ஊரில் பிழைக்கும் என்பதை யாரும் எழுதி வைக்காத காலம். அவர் ஆயிரக்கணக்கான வகைகளைத் தன் வீட்டுச் சரிவில் நட்டு, எது எந்தக் குளிரில் போயிற்று, எது நின்றது என்று குறித்துவைத்தார். செத்ததையும் எழுதியதுதான் எனக்குப் பிடித்த விஷயம். செடிக்கடைச் சீட்டுகளில் செத்ததன் வரலாறு இருக்காது.

பூ முடிந்த தண்டுகளை அங்கே பல இடங்களில் வெட்டாமல் விட்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் விடுகிறேன். தண்டு நின்றால் பனியைப் பிடித்துவைக்கும், பனிதான் வேருக்குப் பாதுகாப்பு. உள்ளீடற்ற தண்டுகளில் காட்டுத்தேனீக்கள் சிலவும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. சுத்தமான தோட்டம் என்பது மே மாதத்துக்கான ஆசை.

செப்டம்பர் 28

நாள் முழுக்கக் குளம்.

நீர் 9 டிகிரி. மீன்களுக்குத் தீவனம் நின்றது. பாப்லர் இலை கொட்டத் தொடங்கிவிட்டதால் வலையைக் கூரைபோல் நடுவில் உயர்த்திக் கட்டினேன், தட்டையாகக் கட்டினால் ஈர இலையின் கனத்தில் நீருக்குள் தொங்கும். விழுந்த இலைகளை அடியிலிருந்து வாரினேன். இதில் சோம்பக் கூடாது. பனி மூடிய குளத்தில் மீன் சாவது பெரும்பாலும் குளிரால் அல்ல. அடியில் இலை அழுகி ஆக்சிஜனைத் தின்கிறது, வரும் வாயு வெளியேற வழியில்லை, அதனால் சாகிறது. ஆம்பல் தொட்டியின் இலைகளை நறுக்கி, ஆழமான மூலைக்கு இறக்கினேன். குளிர்தாங்கும் வகைதான், கிழங்கு உறையாமல் இருந்தால் போதும்.

பிறகு அருவிக்கு நீர் ஏற்றும் பம்பை நிறுத்தினேன். அடிநீரை அள்ளி மேலே விடும் பம்பைக் குளிர்காலம் முழுக்க ஓட்டுகிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் மீன் படுத்திருக்கும் அறையையே கலைத்துவிடுகிறார்கள். நீர் 4 டிகிரியில்தான் மிகக் கனம். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே மிதக்கும், மேலேயே உறையும், நான்கடி ஆழத்தில் 4 டிகிரி தங்கும். அந்தத் தங்கலைக் கலக்கக் கூடாது. காற்றுக்குமிழ்க் கல்லையும் அடியில் போடவில்லை, மேல்படியில் ஓரடி ஆழத்தில் வைத்தேன். பக்கத்தில் மிதக்கும் சிறு ஹீட்டர். அது குளத்தைச் சூடாக்க அல்ல, பனியில் ஒரு துளை மூடாமல் இருக்க மட்டும். துளை மூடிவிட்டால் சுத்தியலால் அடிக்கக் கூடாது, அதிர்ச்சி நீருக்குள் மீனைத் தாக்கும். அடி சூடான பாத்திரத்தைப் பனிமேல் வைத்து உருக்கலாம். கழற்றிய பம்ப் பேஸ்மெண்டில் ஒரு வாளித் தண்ணீருக்குள் போயிற்று, அதன் ரப்பர் வளையங்கள் காயக் கூடாது.

தங்கமீனின் கெட்டித்தனம் தனிக் கதை. ஆக்சிஜன் தீர்ந்தால் நம் தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து நம்மைக் கொன்றுவிடும். தங்கமீனும் அதன் உறவான குரூசியன் கெண்டையும் அதை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியே விட்டுவிடுகின்றன. ஆஸ்லோ, லிவர்பூல் ஆய்வாளர்கள் 2017-இல் அதற்குரிய நொதியை அடையாளம் காட்டினார்கள். அந்தக் கெண்டையின் ரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுமாம். அந்த அளவுக்கு ஆல்பர்ட்டா போலீஸ் நம் வண்டியைப் பறித்துவிடும்.

இப்படிப்பட்ட உயிரை வேண்டாம் என்று வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதை எட்மன்டனை ஒட்டிய செயின்ட் ஆல்பர்ட் பார்த்தது. அங்கே மழைநீர்க் குளத்தில் யாரோ விட்ட தங்கமீன்கள் குளிரில் சாகாமல் பெருகி, கடைசியில் குளத்துக்கே மீன்நஞ்சு போட வேண்டி வந்தது. மீனை நீர்நிலையில் விடுவது இந்த மாகாணத்தில் குற்றம். செப்டம்பரில் குளத்தை மூட அலுத்துப்போனவர்கள் மீன் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பார்க்கட்டும்.

அக்டோபர் 4

பூண்டு நட்டேன், ‘மியூசிக்’ என்ற கெட்டித்தண்டு வகை. மண் உறையுமுன் வேர் பிடிக்க வேண்டும், முளை மேலே வரக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வாரங்கள் இவைதான். கறுத்த டாலியாவை வெட்டி, கிழங்கைத் தோண்டி, மண் உதறி, பேஸ்மெண்டில் பீட் பாசி நிறைந்த பெட்டிக்குள் வைத்தேன். எல்மின் காய்ந்த கிளையும் இறங்கிற்று.

அக்டோபர் 11

ஸ்பிரிங்க்ளர் குழாய்களில் கம்ப்ரசர் வைத்து நீரை ஊதி வெளியேற்றியாயிற்று. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும், குழாய்க்குள் மிஞ்சிய ஒரு குவளை போதும், வெடித்துவிடும். ஆனால் பலர் குழாயை மூடிவிட்டு ஸ்ப்ரூஸ் மரத்தை மறந்துவிடுகிறார்கள். ஊசியிலை குளிர்காலத்திலும் நீரை இழக்கும், வேருக்கோ உறைந்த மண்ணிலிருந்து எடுக்க முடியாது. வாளியில் சுமந்தாவது இப்போதே நிறைய விட வேண்டும்.

தழைக்கூளம் மட்டும் இன்னும் போடவில்லை. மற்ற ஊர்களில் குளிரிலிருந்து காக்க மூடுவார்கள். இங்கே ஜனவரியில் சினூக் காற்று மலையிறங்கி வந்து சில மணி நேரத்தில் இருபது டிகிரி ஏற்றிவிடும், பனியெல்லாம் உருகி மண் இளகும், இரண்டு நாளில் மறுபடி உறையும். வேரைக் கொல்வது அந்த மாறி மாறி வரும் ஏற்ற இறக்கம். அதனால் மண் உறைந்த பிறகு, உறைந்தபடியே கிடக்கட்டும் என்று மூட வேண்டும். மண்வெட்டி நுனி இறங்காத நாள் வரட்டும். அதுவரை கூள மூட்டைகள் கராஜில்தான், கார் தெருவில்தான். இன்று காலை கண்ணாடியில் படிந்த பனியை மனைவி சுரண்டிக்கொண்டே, அந்த நாள் எப்போது வரும் என்று கேட்டாள். நவம்பர் என்றேன்.