கம்பெனி பஸ்ஸில் கிரேக்கர்கள்

தாம்பரத்திலிருந்து ஒரகடம் போகிற எங்கள் கம்பெனி பஸ்ஸில் மூன்று வகை ஜனங்கள் உண்டு. தூங்குகிறவர்கள், செல்போன் பார்க்கிறவர்கள், படப்பை நெரிசலைத் திட்டுகிறவர்கள். புத்தகம் படிக்கிற நாலாவது வகையில் நான் ஒருத்தன்தான். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று மற்றவர்கள் ஆறுதல் சொல்வார்கள்.

போன மாசம் கையில் இருந்தது மேடலின் மில்லர் எழுதிய 'சர்ஸி'. 2018-ல் வந்த ஆங்கில நாவல். அம்மணி அமெரிக்காவில் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்த டீச்சர். ஹோமரின் 'ஒடிஸி'யில் மாலுமிகளைப் பன்றியாக்குகிறாளே ஒரு சூனியக்காரி, அவளையே கதாநாயகியாக்கி, அவள் வாயாலேயே கதை சொல்ல வைத்திருக்கிறார். சூரியனின் மகள். ஒரு தீவில் கொண்டுபோய்த் தள்ளிவிடுகிறார்கள். மந்திரம், மூலிகை, கடல் பூதம் எல்லாம் உண்டு. கம்பனையும் ஹோமரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வ.வே.சு. ஐயர் நூறு வருஷம் முன்னாலேயே பார்த்துவிட்டதால் நமக்கு இதெல்லாம் பக்கத்து வீட்டுச் சமாசாரம்.

உண்மையைச் சொன்னால், அதில் வருகிற தேவர்கள் சுத்த போர். விருந்து சாப்பிடுகிறார்கள், பொறாமைப்படுகிறார்கள், சாபம் கொடுக்கிறார்கள். (ரிவ்யூ மீட்டிங் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவன் டீடலஸ். பாண்டவர்களுக்கு சபை கட்டிக்கொடுத்த நம் மயன் மாதிரி ஒரு வேலைக்காரன். கிரீட் தீவு ராஜா மைனாஸுக்கு, உள்ளே போனால் வெளியே வரமுடியாத கோட்டை கட்டிக்கொடுத்தவன். கெட்டிக்காரன் என்பதாலேயே ராஜா அவனை வெளியே விடுவதில்லை. போதாக்குறைக்குப் பையன் இக்காரஸும் ராஜாவின் பிடியில்.

பக்கத்து சீட்டில் டூல்ரூம் அண்ணன். தகட்டின் பிசிறை விரலால் தடவியே டை எந்த மூலையில் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். இரண்டு தரம் ராஜினாமா கொடுத்தார். முதல் தரம், "உங்களை விட்டா அந்த டையை யார் பார்ப்பா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். சம்பளம் கொஞ்சம் ஏறியது. இரண்டாம் தரம் அவர் மகனை அப்ரண்டிஸாக எடுத்துக்கொண்டார்கள். பையன் இப்போது அதே பஸ்ஸில் கடைசி சீட்டில், காதில் பாட்டோடு.

"என்னப்பா கதை?" என்றார் ஒரு நாள். சொன்னேன். சிறகு செய்த இடம் வந்ததும் குடைய ஆரம்பித்தார். என்ன மெட்டீரியல்? இறகு. எதால ஒட்டினான்? மெழுகு.

"பையன் சொன்ன பேச்சு கேக்காம உசரப் பறந்தான் அண்ணே. சூரியச் சூட்டுல மெழுகு உருகிடுச்சு. கடல்ல விழுந்துட்டான்."

அண்ணன் ஒரகடம் மேம்பாலம் வரை பேசவில்லை. அப்புறம், "ஊட்டிக்குப் போனா ஸ்வெட்டர் போடுறோமா இல்லையா?" என்றார்.

"போடுறோம்."

"மேல போகப் போக குளிரும். மெழுகு எப்படி உருகும்?"

யோசித்தால் நியாயம்தான். தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும். மேலே ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஆறு டிகிரி குறைகிறது. மூவாயிரம் வருஷமாக யாரும் டூல்ரூமில் கேட்கவில்லை போலிருக்கிறது!

"ஒட்டு விட்டிருக்கு. லோடு போட்டு ட்ரையல் எடுக்காம அனுப்பிட்டான். எழுதறப்ப மட்டும் ஆபரேட்டர் மிஸ்டேக். பையன் மேல பழி." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. திரும்பி ஒரு தரம் கடைசி சீட்டைப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் கேட் வந்துவிட்டது. ஐடி கார்டை எடுத்து மாட்டிக்கொண்டே, "அப்பன் என்ன ஆனான்?" என்றார்.

"தப்பிச்சு சிசிலிக்குப் போயிட்டான். அங்க வேற ஒரு ராஜாகிட்ட வேலை."

படியில் நின்றார். பின்னால் ஆட்கள் இடித்தார்கள்.

"அந்த ராஜா ரிலீவிங் ஆர்டர் கேக்கலையா?"