கம்பேனியனில் எது அசல்?

1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தபோது பக்கத்துக்கு ஒரு கதவுதான் இருந்தது. 1961இல் வந்த அதன் எஸ்டேட் வண்டிக்கும் பக்கத்துக்கு ஒன்று, பின்னால் சாமான் ஏற்ற ஒன்று, ஆக மூன்று. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையோ 1960களின் பிற்பகுதிக்குள் அதே வண்டியை நான்கு கதவுக் காராகவும் ஐந்து கதவு வேகனாகவும் செய்து விற்றது. அந்த வேகனின் பெயர் ஸ்டாண்டர்டு கம்பேனியன். முன்சீட்டை மடக்கிவிட்டு, குனிந்து வளைந்து பின்னால் போய் உட்காருவது, பாட்டியும் பேரன்களுமாக ஊருக்குப் புறப்படும் குடும்பத்துக்குச் சரிப்படாது. அந்தக் கூடுதல் கதவுகள் இந்தியாவுக்கென்றே வந்தவை. பழைய வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைத்திருக்க வேண்டுமா, நம் தேவைக்கு மாற்றலாமா என்று மீட்டெடுப்பவர்கள் நடுவே ஓயாமல் நடக்கும் வழக்கில், அந்த இரண்டு கதவுகளைத்தான் நான் முதல் சாட்சியாக நிறுத்துவேன். கம்பேனியனை ஓடுகிற வண்டியாக மீட்க வேண்டுமானால் கொஞ்சம் மாற்றித்தான் ஆகவேண்டும். மாற்றியதை எழுதி வைத்து, வேண்டும்போது பழையபடி திருப்பிவிடும் விதத்தில் மாற்றுவதே முறை. அந்த வேலைக்கு மத்திகிரி, ஓசூர் வட்டாரம் மிகவும் தோதான இடம்.

ஹெரால்டு பிறந்த விதமே மாற்றத்துக்கு இடம் கொடுப்பது. ஹெரால்டைத் தயாரித்த இங்கிலாந்து ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. கைக்குப் போய்விட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லாததால், தனி சேஸிஸ் ஒன்றைச் செய்து, வெவ்வேறு இடங்களில் செய்த பாடிப் பகுதிகளை அதன்மேல் போல்ட் போட்டு இணைத்தார்கள். இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி உருவம் கொடுத்தார். முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். இன்ஜினையும் முன் சஸ்பென்ஷனையும் டயர்மேல் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கும் இந்த அமைப்பு வசதி. இங்கே வந்த பிறகு கதவுகளோடு மாற்றம் நிற்கவில்லை. பின் சக்கரங்களைத் தனித்தனியாக ஆடவிடும் ஸ்விங் ஆக்ஸில் இந்திய வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் வழியில் வந்த ஸ்டாண்டர்டு கேஸலில் அதை எடுத்துவிட்டு, லாரியில் இருப்பதுபோன்ற ஒரே திட ஆக்ஸிலைப் போட்டார்கள். உற்பத்தியாளரே சாலையையும் சவாரிக்காரரையும் பார்த்து மாற்றிக்கொண்டே வந்த வண்டிக்கு எந்த ஆண்டின் வடிவத்தை அசல் என்று முத்திரை குத்துவது?

மாற்றாமலே வைத்துக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடிப்பவரையும் பெட்ரோல் விடாது. 948 சி.சி. இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வால்வு சீட் வெட்டப்பட்டிருக்கும். எரிந்த ஈயத்தின் மெல்லிய படிவுதான் அந்த சீட்டுக்குக் காப்பு. 2000இல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. காப்பு போனபின், நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு சிறிது சிறிதாக ஹெட்டுக்குள் புதையும். டேப்பெட் இடைவெளி அடைந்துகொண்டே வரும், கம்ப்ரஷன் இறங்கும். இதற்கு நிலையான மருந்து: சீட் இருந்த இடத்தைக் கடைந்தெடுத்து, கடினமான உலோக வளையத்தை அங்கே இறக்குவது. குழி வளையத்தைவிட ஒரு துளி சிறிதாக இருக்க வேண்டும். ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தைக் குளிர வைத்து உள்ளே தட்டினால், இரண்டும் ஒரே வெப்பத்துக்கு வரும்போது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு 45 டிகிரியில் சீட் வெட்டி, கிரைண்டிங் பேஸ்ட் தடவி வால்வைத் தேய்த்து, சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் கோடு விழுந்தால் வேலை சரி. இப்போது பங்கில் வருவதோ 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் அதற்குத் தாங்காது. அவற்றை மாற்றியே ஆகவேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் எதுவுமே தெரியாது.

பழைய வண்டியை மீட்பவருக்கு, அதே வண்டி வைத்திருக்கும் நண்பர் குழாம் ஏன் வேண்டும் என்பதற்கு, இந்த வண்டியின் முன் சக்கரத்தருகே கைக்கடக்கமாக இருக்கும் ட்ரனியன் என்ற வெண்கலத் துண்டு ஒன்றே போதும். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருப்பார்கள். அந்த மரை இந்த வெண்கலத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு மரையில் சுழலும். இடப்பக்கத்துக்கு ஒரு வாட்டம், வலப்பக்கத்துக்கு எதிர் வாட்டம். ஒன்றை மற்றதற்குப் போட முடியாது. கியர் ஆயில் 90தான் இதற்கு விட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் குறிப்பு. ஆனால் ஆயில் விடும் இடத்தில் நிப்பிள் ஒன்றைப் பார்த்ததும் எந்த மெக்கானிக்கின் கையும் கிரீஸ் கன்னைத்தான் தேடும். கிரீஸ் மரையின் ஆழத்துக்குப் போகாமல் காய்ந்து அடைத்துக்கொள்ளும், ஓரத்தில் தண்ணீர் இறங்கும், எஃகு துருப்பிடிக்கும். வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது. ஒருநாள் வண்டியை நிறுத்த ஒடித்துத் திருப்பும்போது தண்டு மரை அருகே முறிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து போகும். வேகத்தில் நடந்தால் உயிருக்கே ஆபத்து. இதே முன் சஸ்பென்ஷன்தான் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் வண்டிகளிலும் இருப்பதால், உலகம் முழுவதும் இவற்றை வைத்திருப்போர் அனுபவத்தில் கண்டு ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிக் காத்த விஷயம் இது. கையேடு தொலைந்துபோன ஒரு ஹெரால்டு உரிமையாளருக்கு, இதைச் சொல்ல ஒரு ஆள் தெரிந்திருப்பது எந்த உதிரிபாகத்தையும்விட மதிப்பானது.

உதிரிபாகம் என்று வந்தால் கம்பேனியனில் இரண்டு விதம் உண்டு. இன்ஜின், முன் சஸ்பென்ஷன், பிரேக் போன்றவை ஹெரால்டு குடும்பத்துக்குப் பொது. சென்னை புதுப்பேட்டையிலோ பெங்களூரு சிவாஜிநகரிலோ தேடலாம், இங்கிலாந்திலிருந்தும் வரவழைக்கலாம். பின் கதவுகள், கூரையின் பின்பாதி, பக்கக் கண்ணாடி, பின்கதவுக் கீல் போன்ற வேகனின் சொந்த உறுப்புகள் இங்கிலாந்து கடைகளிலும் எளிதில் கிடைக்காது. இருப்பதைப் பார்த்துப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டியதுதான். ஓசூரில் 1970களில் சிப்காட் வந்தது, 1980இல் டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்டு ஆலையும் வந்தன. அவற்றைச் சுற்றி லேத், மில்லிங், ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் பட்டறைகள் முளைத்தன. மைக்ரான் கணக்கில் வேலை செய்து பழகிய கைகள் அங்கே இருக்கின்றன. மத்திகிரியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கலந்து பேசப்படுவதால் பெங்களூரு டிங்கர்காரரிடமும் தயக்கமில்லாமல் விவரம் சொல்லிவிடலாம். 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை உள்ள ஊர் அது. பண்ணையில் ஒரு மாட்டினத்தைக் காப்பது என்றால் கன்று ஈன்று, பால் கறந்து, வழக்கத்தில் இருக்க வைப்பதுதான். வேகனையும் அப்படித்தான் காக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். ஆளுக்கு ஆள் மாற்றினால் பத்து வருடத்தில் எது கம்பேனியன் என்றே தெரியாமல் போகும் என்பது முதலாவது. நியாயமான பயம். ஜப்பானிய டீசல் இன்ஜினைத் திணிக்க சேஸிஸை அறுப்பவர்களை நானும் ஆதரிக்க மாட்டேன், ஏனென்றால் அறுத்ததை மீட்க முடியாது. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடுவது வேறு. ஹெரால்டு 12/50 மாதிரியில் கம்பெனியே டிஸ்க் கொடுத்தது. போல்ட்டைக் கழற்றினால் டிரம் திரும்ப ஏறிக்கொள்ளும். சீட் பெல்ட்டும், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரும் இந்த வகைதான். இரண்டாவது மறுப்பு சட்டம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு விளக்கம் தந்தது. 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதிகளோ, 50 வயதைத் தாண்டிய வண்டி சேஸிஸ், பாடிக்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் 'வி.ஏ.' எழுத்தோடு பதிவு தருகின்றன. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கூட்டிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாதே என்பதுதான் சாரம், அதில் எனக்கு வழக்கு இல்லை. என் குறை வேறு: வின்டேஜ் பதிவு வாங்கிய வண்டியைக் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. சாமானும் குடும்பமும் ஏற்றவென்றே பிறந்த வேகனுக்கு இது பொருந்தாது. திருப்பக்கூடிய பாதுகாப்பு மாற்றங்களை ஆர்.சி.யில் குறித்துக்கொண்டு, மாதத்தில் சில நாளாவது குடும்பத்தோடு ஓட்ட அனுமதிக்கும் ஒரு வரியைப் போக்குவரத்து அமைச்சகம் அந்த விதிகளில் சேர்க்க வேண்டும்.

அதுவரை, கொட்டகையில் கம்பேனியனோ ஹெரால்டோ வைத்திருப்பவர்கள் பெயின்ட் அடிக்க ஆள் தேடுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு, ட்ரனியனைக் கழற்றி மரையைப் பார்க்காமல் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.