ஹெரால்டின் அடியில் ஒரு ஸ்பிட்ஃபயர்

அனந்தபுரத்தில் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு முன்சக்கரம் ஆட்டம் கண்டுவிட்டது. செஞ்சியிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் சக்கரத்தை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். "ட்ரன்னியன் போச்சு தம்பி. இங்க எங்கயும் கிடைக்காது" என்றார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மறை வெட்டியிருக்கும். அது போய் உட்காரும் வெண்கலப் பாகம்தான் ட்ரன்னியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மறைக்குள்தான் சக்கரம் சுழல்கிறது.

இங்கிலாந்துக் கடை ஒன்றிலிருந்து தருவித்தோம். எந்தெந்த வண்டிக்குப் பொருந்தும் என்று பெட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ஹெரால்டு, விட்டெஸ், ஸ்பிட்ஃபயர், ஜிடி6.

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரைப் படத்தில் பார்த்திருக்கிறேன். தரையோடு தரையாக, கூரை இல்லாமல், இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். பெரியப்பா வண்டியோ மணிலாப் பயிறு மூட்டை ஏற்றியது, குடும்பத்தையே அடைத்துக்கொண்டு அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்வந்தது. இந்த இரண்டுக்கும் ஒரே பாகமா?

தேடிக்கொண்டு போனால் கதை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் போய் நிற்கிறது. ஸ்டாண்டர்டு கம்பெனி, நொடித்துப்போன ட்ரையம்ஃபை இரண்டாம் உலகப்போர் முடியும் சமயத்தில் வாங்கியது. 1950களில் கார் உலகம் சேஸை விட்டுவிட்டு, பாடியே வண்டியைத் தாங்கும்படி ஒரே கூடாக அடிக்கத் தொடங்கியிருந்தது. ஸ்டாண்டர்டுக்கு அப்படிப் பாடி அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூடு அடித்துத் தர ஆளில்லை. வேறு வழியில்லாமல் பழைய முறைக்குத் திரும்பினார்கள்: அடியில் தனி சேஸ், மேலே துண்டு துண்டாகப் போல்ட் போட்ட பாடி. இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி உருவம் வரைந்து கொடுத்தார். 1959இல் ஹெரால்டு வெளிவந்தது.

அந்த இல்லாமைதான் ஸ்போர்ட்ஸ் காரைப் பெற்றது என்பது என் கட்சி. ஒரே கூடாக அடித்த காரைக் குறுக்குவது பெரும் செலவு. சேஸ் தனியாக இருந்தால் வெட்டிக் குறைத்து வேறு பாடியை மாட்டலாம். ஹெரால்டின் முன்பின் சக்கர இடைவெளி 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயருக்கு 83. அதையும் மிக்கெலோட்டியே வரைந்தார். ஆனால் கையில் காசில்லாததால் மாதிரி வண்டி கிடப்பில் போனது. 1961இல் கம்பெனி லேலண்டின் கைக்கு வந்தபோது, ஆலையைச் சுற்றிப் பார்த்த புது நிர்வாகத்தார் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்ததைக் கண்டு, தயாரிக்கச் சொன்னார்களாம். எண்ணூர் அசோக் லேலண்டில் இருப்பதும் அதே லேலண்டின் பெயர்தான். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் அறிமுகமானது. 1147 சிசி, 63 குதிரைத்திறன். 1980 வரை 3 லட்சத்துக்கு மேல் விற்றது.

ஆக, ஸ்பிட்ஃபயர் கடைக்கு வருமுன்பே அதன் தாய்வண்டி சென்னைக்கு வந்தாயிற்று. 1961 முதல் ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கமிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் ஹெரால்டு தயாரானது. இங்கிலாந்தில் இன்ஜின் 1147, பிறகு 1296 சிசி என்று வளர, இங்கே கடைசிவரை 948தான். அதற்கு ஈடாக, வேறெந்த நாட்டிலும் வராத நான்கு கதவு ஹெரால்டை நம் ஆலை செய்தது. ஆலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்கள், அடுக்குமாடிகள். சோழவரம் விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டும் ஓடியிருக்கிறது.

சென்னையில் ஒரு பழைய கார் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் ஒன்றைப் பக்கத்தில் பார்த்தேன். சொந்தக்காரர் பானெட்டைத் தூக்கினார். கொட்டகையில் பார்த்த அதே காட்சி. மட்காடு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் மொத்தமும் முதலை வாயாக முன்னோக்கிச் சாய்ந்தது. முன் டயர்மேல் உட்கார்ந்தே இன்ஜினில் கைவைக்கலாம். ஒரு சுற்று அழைத்துப் போனார். கதவுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டால் தார் ரோடு எட்டிவிடும் போலிருந்தது. அறுபதில் போனாலே நூறில் போகிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்தக் காலத்தில் மாதச் சம்பளக்காரர்களும் இதை வாங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

குறையும் பரம்பரைதான். பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும் அச்சு, நடுவில் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வளைவில் வேகமாகத் திரும்பும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரம் உள்ளே மடங்கி வால் சுழற்றும். ஸ்பிட்ஃபயரில் 1970இல்தான் பட்டையை மாற்றி அதை அடக்கினார்கள். நம் ஆலையோ, ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸலில் அந்த ஏற்பாட்டையே தூக்கிவிட்டு ஒரே இரும்பு அச்சைப் போட்டது. நம் சாலைக்கும் நாம் ஏற்றும் பாரத்துக்கும் அதுதான் சரி.

லோட்டஸ் கம்பெனிகூட தன் எலான் ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரத்துக்கு ட்ரையம்ஃபின் இதே ட்ரன்னியன் ஏற்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டது. புது ட்ரன்னியனை மாட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். "யாரு வேணா போட்டுட்டுப் போகட்டும் தம்பி. நீ இதுல கிரீஸ் அடிச்சிடாத. கியர் ஆயில்தான் ஊத்தணும். கிரீஸ் அடிச்சி அடிச்சிதான் பழசு தேஞ்சி போச்சி" என்றார்.